அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரவும்

ரேடியோவில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எந்த ஸ்டேஷன் என்று கேட்கிறார்கள். ஸ்டேஷனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இராஜபாளையத்தில் மில் தொழிலாளர்களும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர்களும் குடியிருந்த தெருக்களுக்கு நடுவில் ஒரு வாசகசாலை இருந்தது. தெருக்காரர்களே சங்கம் வைத்து நடத்தினார்கள். அதன் பின்பக்கம் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அதற்குள் ஒரு பழைய வால்வு ரேடியோ, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், ஒரு நாற்காலி, நான். அங்கிருந்து வயர் இழுத்து ஏழு இடங்களில் கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒன்றாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். அந்த ஏழு ஸ்பீக்கரும் எட்டுகிற தூரம்தான் என் ராஜ்யம். இப்போது இந்த மாதிரிக் காரியத்துக்குச் சமுதாய வானொலி என்று பெயர் வைத்து லைசென்ஸ் கொடுக்கிறார்களாம். எங்களுக்கு அது ரேடியோ ரூம். என்னை ரேடியோக்காரர் என்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகள் முடிகிற வரைக்கும் அந்த நாற்காலியைத் தேய்த்தேன். சமீபத்தில் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து, “சார், உங்க அனுபவத்தப் பத்திப் பேசுங்க, மக்களுக்கு எவ்வளவு சேவை செஞ்சிருக்கீங்க” என்றார்கள். சேவை என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். யார் பெயரும் வராது. என் பெயரும் வராது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையிலும் மாலையிலும் அரசாங்க வானொலிச் செய்தியை அப்படியே ஸ்பீக்கரில் விடுவேன். அதற்கு நான் தேவையில்லை, ஒரு சுவிட்சு போதும். செய்திக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்ச நேரம் மைக் என்னுடையது. ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, நாளைக்குத் தண்ணீர் வராது, கண்மாய்க் கரையில் ஒரு செவலை மாடு தனியாக நிற்கிறது, சாவிக்கொத்து ஒன்று கிடைத்திருக்கிறது. இன்னார் காலமாகிவிட்டார், எடுப்பு மாலை நான்கு மணிக்கு. முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்து சேர்வதற்குத் தோதாகத்தான் எங்கள் பக்கம் எடுப்பு நேரம் வைப்பார்கள். பாதி வீடுகளில் உள்ளே தெலுங்கு பேசுவார்கள். ஆனாலும் என் தமிழைக் கேட்டுத்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

இதில் எல்லாவற்றையும்விடப் பெரியது அவசர அழைப்பு. மில்லில் வேலை பார்க்கிறவன் ஷிப்ட் முடிந்தால் நேரே வீட்டுக்கா போகிறான்? டீக்கடை, சினிமாக் கொட்டகை, சீட்டாட்டம், கிணற்றடி என்று எங்கேயாவது இருப்பான். வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் என்னிடம் ஓடி வருவார்கள். “இன்னார் எங்கிருந்தாலும் உடனே வீட்டுக்கு வரவும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்று நான் மைக்கில் சொன்னால் கால் மணி நேரத்தில் ஆள் வீட்டு வாசலில் நிற்பான். ஆரம்பத்தில் ஒருமுறை, சீட்டாட்டத்தைக் கலைப்பதற்காக ஒருத்தன் வந்து, இன்னொருத்தன் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது என்று பொய் சொல்லி என்னைப் படிக்க வைத்துவிட்டான். அந்த மனுஷன் ஓடி வந்து சாக்கடையில் விழுந்து கை ஒடிந்தது. அன்றைக்கே நான் ஒரு விதி வைத்தேன். நோயாளியைக் கண்ணால் பார்க்காமல் அவசர அழைப்பு படிக்க மாட்டேன். யார் வந்து அழுதாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், படுத்திருக்கிறவரைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்துதான் மைக்கைத் தொடுவேன். சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்தேன். இதனால் என் பேச்சுக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்தது. “ரேடியோக்காரன் சொல்லிட்டான்னா சரியாத்தான் இருக்கும்” என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

எங்கள் சங்கத்தின் செயலாளர் ஒரு மில் மேஸ்திரி. என்னை அந்த வேலையில் வைத்தவர் அவர்தான். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். நான் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு டைப்ரைட்டிங் பழகப் போய்க்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மேஸ்திரி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். காலையில் வகுப்புக்குப் போன மகள் திரும்பவில்லை, பீரோவில் ஒரு கடுதாசி எழுதி வைத்திருக்கிறாள் என்றார். பையன் கிறிஸ்தவப் பையன், ஆலங்குளத்தில் ஃபிட்டர் வேலை பார்க்கிறான் என்பதையும் அவரே சொன்னார். பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் சொந்தக்காரர்களை நிறுத்தியிருந்தார். இன்னும் ஊரைத் தாண்டவில்லை, எங்கேயோ ஒரு வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்பது அவருடைய யூகம்.

“காணலைன்னு சொல்ல முடியுமா? பொறவு நான் தெருவுல நடக்க முடியுமா?” என்றார். “அவ அம்மாவுக்கு முடியலன்னு சொல்லு. அது போதும், வந்துருவா. கேக்குறவங்களுக்கும் ஒண்ணும் தோணாது.”

“மதினிக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?”

“ஒண்ணும் செய்யல. வீட்டுல உளுந்து பொடைச்சுக்கிட்டிருக்கா.”

என்னிடம் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் சுவரில் என் விதி சாக்பீஸ் எழுத்தில் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. பயந்துபோய்த்தான் ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் எனக்குச் சௌகரியம். நான் பயப்படவில்லை. அவர் மிரட்டவும் இல்லை. “பாக்காமப் படிக்க மாட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லியிருந்தால், எதுவும் பேசாமல் எழுந்து போயிருப்பார். எனக்கு அப்போது கல்யாணமாகாத இரண்டு தங்கைகள். ஒரு பெண் வீட்டை விட்டுப் போவது என்றால் கொலைக் குற்றம் மாதிரிதான் எனக்கும் பட்டது. நல்ல காரியம் செய்கிறோம் என்று முழுமனதோடு செய்தேன். அந்தத் திமிரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்று மட்டும்தான் இருந்தது. அது எடுபடாது என்று அவரிடம் சொன்னேன். வேலை தெரிந்தவன் இல்லையா! “மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்” என்று ஒரு வரியை நானே சேர்த்தேன். மாலைச் செய்திக்கு முன்னால் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை குரலைக் கொஞ்சம் தழைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அப்படிப் படித்தால் பெண்கள் தாங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மதினிக்கு இந்த ஏற்பாடு அரைகுறையாகத்தான் தெரியும். முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் காதில், அவள் சாகக் கிடக்கிறாள் என்று நான் சொல்வது விழுந்திருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற சத்தம் கேட்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் முறத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பாயை விரித்துப் படுத்து, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டாளாம். இதை எனக்குப் பிறகு சொன்னவள் அவளேதான். சேலை முந்தானையில் உளுந்துத் தூசி அப்படியே இருந்ததாம். ஒருத்தி விசிறினாளாம், ஒருத்தி காலைத் தேய்த்தாளாம், ஒருத்தி ஒப்பாரிக்கே தயாராகிவிட்டாளாம்.

மகள் ரயில்வே கேட் பக்கம் டைப்ரைட்டிங் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் இருந்தாள். மறுநாள் காலை மதுரைக்குப் போகிற ரயிலில் இரண்டு பேரும் ஏறுவதாகப் பேச்சு. எங்கள் ஏழாவது ஸ்பீக்கர் அந்த வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்தான் இருந்தது. நான் செய்தியைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசகசாலையைத் தாண்டி ஓடினாள். காலில் செருப்பு இல்லை. தாவணி ஒரு பக்கம் தரையில் இழுபட்டது, அதைப் பிடிக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பத்தே நிமிஷம், என்று தோன்றியது. படித்து முடித்துப் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டாள். எழுந்து போய் ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பையன் ரேடியோ ரூம் வாசலில் வந்து நின்றான். மெலிந்த உடம்பு, நன்றாக அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை, விரல் நகங்களில் கிரீஸ் கறுப்பு. யார் என்று அவன் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வம்புக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து, நானும் எழுந்து நின்றேன்.

“அண்ணே, நேத்து ரேடியோவுல சொன்னியளாமே, அந்த அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

 “பரவாயில்ல” என்றேன்.

“காலையில ஸ்டேசன்ல அவளக் காணும். அந்தச் சிநேகிதிப் பிள்ளைதான் விவரம் சொல்லிச்சு. பெத்த தாய்க்கு முடியலன்னா போகத்தான செய்வா? நான் தப்பா நெனைக்கலண்ணே. அந்த அம்மா நல்லபடியா எந்திரிக்கணும்னு இன்னைக்கு எங்க வீட்டுல ஜெபம் பண்ணச் சொல்லிருக்கேன். எந்திரிச்சதும் வந்துருவா.”

“வந்துருவா” என்று நானும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அதற்கடுத்த நான்கைந்து நாள் அவனை ரயிலடியில் பார்த்ததாகப் போர்ட்டர் ஒருவர் சொன்னார். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை.

அந்த வீட்டுக் கதவு மூன்று வாரம் சாத்தியே இருந்தது. திறந்தபோது கல்யாணம். மாப்பிள்ளை தேவதானத்தில் விவசாயம் பார்க்கிற சொந்தக்காரர், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பத்திரிகை வைக்க மேஸ்திரி நேரில் வந்தார். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெண் மணவறையில் தலையை நிமிர்த்தவே இல்லை. அழவும் இல்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், “அன்னைக்கு நீரு நேரத்துக்குச் சொன்னீரு, இல்லன்னா அந்த அம்மாவத் தூக்கிப் போட்டிருக்கணும்” என்று என்னைப் பாராட்டினார். நான் பாயாசத்தைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஒரு அழைப்பைக்கூட நான் பார்க்காமல் படித்ததில்லை. மழையென்றாலும் சைக்கிள்தான், காய்ச்சலென்றாலும் சைக்கிள்தான். எத்தனை பக்கவாதக்காரர்கள், எத்தனை பிரசவ வலி, எத்தனை நெஞ்சுவலி. எல்லோரையும் போய்ப் பார்த்தேன். என்னவோ அதில் பழைய கணக்கு நேராகிவிடும் போல. ஊர் என்னை முன்னைவிட நம்பியது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருத்தராவது வந்து, ஏலே பொய்காரப் பயலே என்று நாலு வார்த்தை கேட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மகள் அதன் பிறகு அம்மா வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரப் போன மேஸ்திரி வெறுங்கையோடு திரும்பினார். எங்கள் பக்கத்தில் முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வராமல் இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. தாய் செத்திருந்தால்தான் அப்படி நடக்கும். மதினி பிள்ளை மருந்து இடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். டப்பா திறக்காமலே திரும்பி வந்தது.

ஒருநாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கும்போது மதினி எனக்கு முன்னால் நின்றாள். படுத்துக் கிடந்த கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னாள். யார்மேலும் கோபம் இல்லாமல், ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரிச் சொன்னாள்.

“ஓடி வந்து எம்மேல விழுந்தா தம்பி. அம்மா அம்மான்னு கன்னத்தத் தட்டுதா. நான் கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கேன். செத்த நேரங்கழிச்சு எம் முந்தானையில இருந்த உளுந்துத் தூசியப் பாத்தா. பொறவு எந்திரிச்சு நின்னுட்டா. ஒரு வார்த்த கேக்கல. அன்னைக்கு நீங்க சொன்னபடிக்கே எனக்கு எதாவது ஆகியிருந்தா எம்புட்டோ நல்லாருந்திருக்கும்.”

 கேனை எடுத்து முன்னால் நகர்த்தி வைத்தேன்.

தொண்ணூறுகள் வந்தன. வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் என் செய்தியைக் கேட்க ஆள் இல்லை. ஏழு ஸ்பீக்கரில் மூன்றுதான் மிஞ்சியது. ஆனால் எடுப்பு நேரமும் தண்ணீர் விஷயமும் டிவியில் வராது என்பதால் சங்கம் என்னை வைத்துக்கொண்டிருந்தது. அதற்காக நான் ஒன்றும் கண்ணீர் விடவில்லை. என் குரல் குறைவாகக் கேட்பது நல்லதுதான் என்றே பட்டது. மேஸ்திரி மில்லிலிருந்து ஓய்வு பெற்று, வாசகசாலை பெஞ்சில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பார். தேவதானத்தில் மழை பொய்த்து, மருமகன் நிலத்தைக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை போட்டிருப்பதாக ஒருநாள் அவரே சொன்னார். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான். ஆனாலும் மகள் வரவில்லை.

அப்புறம் மதினிக்கு நிஜமாகவே முடியாமல் போனது. வயிற்றில் கட்டி. மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் வேண்டியதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டாள். கண்ணை விழிக்கும்போதெல்லாம் மகள் பெயரைத்தான் சொன்னாள். அந்தக் காலத்தில் நான் இட்டுக்கட்டிச் சேர்த்த வரி அப்படியே நடந்தது. அதைப் பக்கத்தில் நின்று கேட்கிற தண்டனையும் எனக்குக் கிடைத்தது. மேஸ்திரி தந்தி கொடுத்துப் பார்த்தார். ஆள் அனுப்பிப் பார்த்தார். அவரே போய் வாசலில் நின்றும் பார்த்தார். மகள் கதவைத் திறக்கவில்லை.

கடைசியில் ரேடியோ ரூமுக்கு வந்தார். பல வருஷம் கழித்து அந்தக் கதவை மறுபடியும் சாத்தினார்.

“நீ ஒருதடவ போய்ட்டு வா தம்பி. நீ சொன்னா நம்புவா. ஒன் வார்த்தைய ஊரே நம்பும்.”

மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சிவகாசி முக்கைத் தாண்டி ஒரு சந்தில் வீடு. வாசலில் ஒரு பெண் பள்ளிக்கூடச் சீருடைகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. நான் பார்த்த பெண் இவள்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்து, “இராஜபாளையத்திலேருந்து வாரேன்மா” என்று சொன்ன மாத்திரத்தில் அவள் கை கொடியிலேயே நின்றுவிட்டது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே குரலை அறிந்துவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்க பாத்தியளா?” என்று கேட்டாள்.

“நேத்தும் பாத்தேன், இன்னைக்குக் காலையிலயும் பாத்தேன். பாத்துட்டுத்தான் வாரேன்.”

தம்ளரை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். “தந்தி வந்துச்சு. ஆள் வந்துச்சு. அவிய சொல்லி வர்ற எதையும் நான் நம்புறதில்ல. ஆனா நீங்க பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டிய. அன்னைக்குங்கூட அவிய பாயில படுக்க வச்சுக் காட்டித்தான ஒங்களையும் ஏமாத்தினாவ.”

 அவள் எழுந்து உள்ளே போனாள். பக்கத்து வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற சத்தம் கேட்டது. சேலை மாற்றிக்கொண்டு, ஒரு வயர் கூடையில் துணியை வைத்துக்கொண்டு வந்தாள். சாவியை எடுத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெண் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்பதுதான். அது ஒன்றுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள். “ஒங்கமேல எனக்கு எந்த வருத்தமும் கெடையாது. அவிய செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவிய?”

அதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு எனக்குப் புத்தி எங்கே போனது என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைத்துவிட்டால் போதும் என்று இருந்தது. யாருக்கு நல்லது? எனக்குத்தான். அவளுக்கும் இல்லை, அங்கே கிடக்கிறவளுக்கும் இல்லை.

“என்னை யாரும் ஏமாத்தலம்மா,” என்றேன். “தெரிஞ்சுதான் சொன்னேன். நான் ஒங்கம்மாவப் போய்ப் பாக்கவும் இல்ல. ஒன்னையப் பாக்கணும்னு கேக்காகன்னு சொன்னேன்ல, அது நானாச் சேத்தது. என்னைய மன்னிச்சிரு.”

அவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். பிறகு அதையும் கழற்றினாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சா சொன்னிய?”

“ஆமாம்மா. ஆனா இன்னைக்குச் சொல்றது நெசம். எம் பிள்ளைக மேல ஆணையா நெசம்.”

“அந்த ஒரு வரியக் கேட்டுத்தான் ஓடுனேன்,” என்றாள். “முடியலன்னு மட்டும் சொல்லிருந்தா அப்பா வேலையா இருக்கும்னு நெனச்சு இருந்திருப்பேன். அந்தச் சிநேகிதி வேற, போகாதேன்னு கையப் பிடிச்சா. ரேடியோக்காரர் பாக்காமச் சொல்ல மாட்டார்டின்னு நான்தான் ஒதறிட்டு ஓடுனேன்.” கூடையிலிருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, எந்தக் கோபமும் இல்லாத குரலில், “நல்லா வந்து நடிக்கிய. நானும் சேலை மாத்திட்டேன். போய் எங்கம்மாவ எந்திரிச்சுப் பாயச் சுருட்டச் சொல்லுங்க,” என்றாள்.

கதவைச் சாத்தினாள். தட்டினேன், கூப்பிட்டேன், சந்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மன்றாடினேன். பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. பொய் சொன்னபோது பத்தே நிமிஷத்தில் ஓடி வந்தவள், உண்மைக்கு வரவில்லை. அவள்மேல் தப்பே கிடையாது. நான் மட்டும் என்ன, என்னை நம்புவேனா?

இராஜபாளையம் வந்து இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வாசலில் நின்ற மேஸ்திரி என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.  உள்ளே மதினி கட்டிலில் கிடந்தாள். என் செருப்புச் சத்தத்துக்கே கண்ணைத் திறந்துவிட்டாள்.

“வாராளா தம்பி?”

காலையில்தான் உண்மையைச் சொல்லி ஒரு வீட்டை அடைத்துவிட்டு வந்திருந்தேன். “வாரா மதினி,” என்றேன். “பிள்ளைகள விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வாரா.”

அவள் முகம் மாறியதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. துளிகூடச் சந்தேகப்படவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. “என்னையத் தூக்கி ஒக்கார வைங்க,” என்றாள்.

“படுத்துக்கோ. அவ வரட்டும்,” என்றார் மேஸ்திரி.

“வேண்டாம். படுத்துக் கெடந்தா மறுபடியும் நடிக்கேன்னு நெனச்சுக்கிடுவா.”

நானும் அவருமாகச் சேர்ந்து தூக்கிச் சுவரோடு சாய்த்தோம். இரண்டு தலையணை வைத்தும் உடம்பு நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்தது. மேஸ்திரி கட்டிலில் ஏறிப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். தலையை வாரிவிடச் சொன்னாள். முந்தானையை ஒரு தடவை குனிந்து பார்த்து, தட்டிவிட்டாள். வலி வரும்போது பல்லைக் கடித்தாளே தவிர, படுக்கிறேன் என்று சொல்லவில்லை. மெயின் ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் வாசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அடுத்த பஸ்ஸு மதினி,” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில், கண்ணை வாசலில் வைத்தபடியே அவள் தலை மேஸ்திரியின் கையில் சாய்ந்தது. அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் அவர் அவளைப் படுக்க வைக்கவில்லை.